கார் ஏசியில் கேஸ் நிற்கவில்லை. டேஷ்போர்டை இறக்கச் சொல்கிறார்கள். கசிவை உறுதி செய்வது எப்படி?

வெண்ணாற்றங்கரை | மன்னார்குடி

எல்லோருக்கும் வணக்கம். பத்து வயதைத் தாண்டிய பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். பங்குனியில் ஏசி போட்டால் வெறும் ஃபேன் காற்றுதான் வந்தது. பக்கத்தில் ஒரு கடையில் கேஸ் போட்டார்கள், நன்றாகக் குளிர்ந்தது. கத்திரி தொடங்குவதற்குள் பழையபடி ஆகிவிட்டது. மறுபடி போனால், அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு "கூலிங் காயில் லீக், டேஷ்போர்டு முழுக்க இறக்கணும்" என்று சொல்கிறார்கள். வேறு எந்தச் சோதனையும் செய்யவில்லை.

அம்மாவை மாதாமாதம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற வண்டி இது. செலவு செய்யத் தயார்தான். ஆனால் டேஷ்போர்டை ஒருமுறை கழற்றினால் அப்புறம் கடகடவென்று சத்தம் வரும் என்று பயமுறுத்துகிறார்கள். கேஜை மட்டும் பார்த்து எந்த இடத்தில் லீக் என்று சொல்ல முடியுமா? வருடத்துக்கு ஒருமுறை கேஸ் போடுவது சகஜம் என்கிறார்களே, அது உண்மையா?

குடந்தை_ஏசி | கும்பகோணம்

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. அது ஒரு மூடிய சுற்றில் ஓடுகிறது. கம்ப்ரசர் அழுத்துகிறது, கண்டன்சரில் சூட்டை விட்டுத் திரவமாகிறது, எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டி கூலிங் காயிலில் ஆவியாகிச் சூட்டை உறிஞ்சுகிறது, திரும்பக் கம்ப்ரசருக்கு வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் வருடத்துக்குச் சில கிராம் போவது இயல்பு. அதனால் பல வருடம் ஓடிய வண்டியில் கொஞ்சம் குறைந்திருந்தால் புரிந்துகொள்ளலாம். வருடா வருடம் போட வேண்டியிருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. சகஜம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கேஜ் விஷயம்: கேஸ் குறைவு என்று கேஜ் சொல்லும். எங்கே போகிறது என்று சொல்லாது. கூலிங் காயில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால், வெளியே ஒன்றும் தென்படாத வண்டிக்கெல்லாம் அதன் மேல் பழியைப் போடுகிற பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம். உங்கள் வண்டியில் காயில் போயிருக்கவும் கூடும். ஆனால் காட்டச் சொல்லுங்கள், காட்டிய பிறகு கழற்றட்டும்.

என் கடைக்கு வண்டி வந்தால் நான் முதலில் கேட்பது, போன தடவை போட்ட கேஸ் எவ்வளவு நாள் நின்றது என்பதுதான். எந்தக் கருவியை எடுப்பது என்பது அதில்தான் இருக்கிறது. ஓரிரு நாளில் போய்விட்டால் பெரிய ஓட்டை, நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவினாலே தெரியும். உங்களுக்கு நின்ற மாதிரி சில வாரங்கள் என்றால் கேஸ் பட்டால் கத்தும் எலக்ட்ரானிக் டிடெக்டரும் நைட்ரஜனும் சேர்ந்து வேலை செய்யும். ஒரு கோடை முழுக்க நின்று அடுத்த கோடையில் இல்லையென்றால் யூவி டை (யூவி விளக்கில் மின்னும் சாயம்) ஊற்றி வண்டியை ஓட்டவிட்டுத்தான் பிடிக்க வேண்டும்; அந்த அளவு கசிவில் நுரை வரவே வராது.

இன்னொரு விஷயம். வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நிற்கும்போது மட்டும் குளிர்ச்சி குறைகிறதென்றால் முதலில் கண்டன்சர் ஃபேனைப் பாருங்கள். அதற்குக் கேஸ் அடித்துப் பயனில்லை.

நாகை_கடலோரம் | நாகப்பட்டினம்

கடலோரத்தில் வண்டி ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் பக்கம் பெரும்பாலும் கண்டன்சர்தான் முதலில் போகிறது. வண்டியின் முன்பக்கம், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. உப்புக்காற்று நேராக அதன்மேல் அடிக்கிறது. வேதாரண்யம் பக்கம் உப்பளத்தை ஒட்டிய சாலையில் தினமும் போகிற வண்டிகளில் கண்டன்சரின் கீழ்ப்பகுதித் தகடுகள் கையால் தொட்டாலே வெள்ளைப் பொடியாக உதிரும். அலுமினியம் அரித்த பொடி அது.

காலையில் இன்ஜின் சூடாவதற்கு முன் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு முன் கிரில் வழியாகப் பாருங்கள். கேஸோடு கொஞ்சம் கம்ப்ரசர் எண்ணெயும் வெளியே வரும். அந்த இடத்தில் தூசி ஒட்டி, மற்ற இடத்தைவிடக் கறுப்பாக, ஈரப்பதமாகத் தெரியும். மற்ற தகடெல்லாம் காய்ந்த மண் நிறத்தில் இருக்க, ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சந்தேகத்தை அங்கே வைக்கலாம். விரலால் தொட்டால் வழவழவென்று இருக்கும்.

தஞ்சை_பயிற்றுநர் | தஞ்சாவூர்

குளிர்பதனப் பிரிவில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். குடந்தை அண்ணன் சொன்ன வரிசை சரி. அதோடு அழுத்தக் கணக்கைச் சேர்த்துக்கொண்டால் எப்போது எங்கே தேடுவது என்பது விளங்கும்.

நம்மூர் சாலையில் ஓடும் கார்களில் பெரும்பாலும் ஆர்-134ஏ கேஸ். போனட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் கேஸ் வகையும் எடையும் போட்டிருக்கும். சிறிய கார்களில் அநேகமாக 350 முதல் 500 கிராம் வரை. ஏசி ஓடாமல் நிற்கும்போது உள்ளே திரவம் மிச்சமிருந்தால், சுற்று முழுவதும் ஒரே அழுத்தம் இருக்கும். அது வெயிலைப் பொறுத்தது. 30 டிகிரியில் சுமார் 97 பிஎஸ்ஐ (கேஜில் அழுத்தத்தைக் காட்டும் அளவு), 35 டிகிரியில் சுமார் 115 பிஎஸ்ஐ. கேஸ் பாதி இருந்தாலும் முழுதாக இருந்தாலும் இந்த எண் மாறாது. அதனால் நிற்கும் வண்டியில் கேஜ் வைத்து "கேஸ் ஃபுல்லா இருக்கு" என்று சொல்வது அர்த்தமில்லாத பேச்சு.

ஏசியை ஓட்டினால் சுற்று இரண்டாகப் பிரியும். கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் ஹை சைடு நம் கோடையில் 200 பிஎஸ்ஐக்கு மேல் ஏறும். கம்ப்ரசருக்குத் திரும்பும் லோ சைடு 30 முதல் 45 வரை இறங்கிவிடும். கூலிங் காயில் இருப்பது லோ சைடில். அதாவது ஏசி ஓடும்போது காயிலில் அழுத்தம் குறைவு, நிறுத்தி வைத்தால்தான் 100 பிஎஸ்ஐக்கு மேல் ஏறுகிறது. ஆகவே கூலிங் காயிலையும் கம்ப்ரசருக்குத் திரும்பும் தடித்த பைப்பையும் ஏசியை நிறுத்திவிட்டுத் தேட வேண்டும். கண்டன்சரையும் மெலிந்த லிக்விட் பைப்பையும் ஏசியை ஓட்டி நிறுத்திய உடனே, அழுத்தம் இறங்குவதற்குள் தேட வேண்டும். பல கடைகளில் எல்லாவற்றையும் இன்ஜின் ஓடும்போதே, ஃபேன் காற்று அடிக்கும்போதே தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்கிறார்கள். கிடைக்காத காரணமே அதுதான்.

காயிலைக் கழற்றாமல் சோதிக்க ஒரு வழி. ஏசியைப் பத்து நிமிடம் ஓட்டி எல்லாவற்றையும் நிறுத்துங்கள், ப்ளோயர் உட்பட. கண்ணாடி, கதவு எல்லாம் மூடியிருக்கட்டும். கால்மணி நேரம் கழித்து கேபின் ஃபில்டரை உருவி அந்த இடைவெளியில் டிடெக்டர் முனையை விடுங்கள். ஆர்-134ஏ காற்றைவிடக் கனம், கீழே தேங்கும். அதனால் வண்டிக்கு அடியில் ஏசி தண்ணீர் சொட்டும் குழாயின் வாயிலும் வைத்துப் பார்க்கலாம். சொட்டு நின்ற பிறகு வையுங்கள், முனைக்குள் தண்ணீர் ஏறினால் டிடெக்டர் வீணாகும். இரண்டு இடத்திலும் திரும்பத் திரும்பக் கத்தினால் காயில் லீக் என்று நம்பலாம். பெட்ரோல் வாடை, இன்ஜின் கழுவும் ஸ்ப்ரே, டேஷ்போர்டில் வைக்கிற வாசனை டப்பா இதற்கெல்லாமும் சில டிடெக்டர்கள் கத்தும். ஒருமுறை கத்தியதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

பாபநாசம்_வயக்காடு | பாபநாசம்

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அறுவடைக் காலத்தில் நம் பக்கம் சாலையிலேயே நெல்லைக் காயப் போடுகிறோம், வைக்கோலும் கிடக்கிறது. பதரும் தூசியும் பறந்து வண்டியின் முன்புறம் அடைகின்றன. என் வண்டியில் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கம்பளி மாதிரி அடைத்திருந்தது. மழை நாளில் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எலித் தொல்லையும் உண்டு. வயலில் தண்ணீர் கட்டினால் எலி வீட்டுப் பக்கம் வரும், நிறுத்தி வைத்த வண்டியின் சூட்டுக்குப் போனட்டுக்குள் ஏறும். எனக்கு ஏசி பிரஷர் சுவிட்சின் ஒயரைக் கடித்துவிட்டது. கம்ப்ரசர் எடுக்கவில்லை, கேஸ் போய்விட்டது என்று நினைத்தோம். கேஸ் அப்படியே இருந்தது.

ஒரு சந்தேகம். ஆன்லைனில் லீக் அடைக்கும் டப்பா விற்கிறார்கள். கேஸோடு உள்ளே விட்டால் ஓட்டை தானாக அடைபடுமாம். வெண்ணாற்றங்கரை தம்பிக்கு அது போதாதா?

குடந்தை_ஏசி | கும்பகோணம்

வேண்டவே வேண்டாம் அண்ணே. இந்த அடைப்பான் திரவங்களில் ஒரு வகை, ஈரமும் காற்றும் பட்டால் கெட்டியாகும். ஓட்டை வாயில் கெட்டியானால் நல்லது. சுற்றுக்குள் ஈரம் இருந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்ணிய துளையிலேயே கெட்டியாகிவிடும், அல்லது ஈரத்தை உறிஞ்சும் டிரையரை அடைக்கும். அப்புறம் மாற்ற வேண்டிய சாமான் இரண்டு மடங்கு. கேஸ் மீட்கும் மெஷின் வைத்திருக்கிற நல்ல கடைக்காரர் அந்த வண்டியைத் தொடவும் தயங்குவார், அவருடைய மெஷினுக்குள்ளும் அது போய்விடும் என்பதால்.

அதே ஆன்லைனில் விலை குறைவாகக் கிடைக்கிற கேஸ் டப்பாவையும் நம்பாதீர்கள். எல்பிஜி கலந்தது, ஆர்-40 (மெத்தில் குளோரைடு) கலந்தது என்று போலிகள் உண்டு. எல்பிஜி தீப்பிடிக்கும். ஆர்-40 அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கக்கூடிய பொருளை உண்டாக்கும். கார் ஏசியில் கம்ப்ரசரிலிருந்து காயில் வரை எங்கும் அலுமினியம்தான்.

மாயவரம்_வண்டிக்காரர் | மயிலாடுதுறை

எனக்கு இதில் மாற்றுக் கருத்து. இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டுமா? பம்ப் வைத்து உள்ளே இருப்பதை உறிஞ்சி வேக்கம் போட்டு அரைமணி நேரம் விட்டால் போதும். முள் நகராமல் நின்றால் லீக் இல்லை, நகர்ந்தால் உண்டு. எங்கள் வண்டிகளுக்கு எப்போதும் இப்படித்தான் பார்க்கிறோம்.

தஞ்சை_பயிற்றுநர் | தஞ்சாவூர்

வேக்கம் அவசியம் சார், மறுக்கவில்லை. ஆனால் அதன் வேலை வேறு. சுற்றில் உள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றத்தான் வேக்கம். அழுத்தம் போதுமான அளவு இறங்கினால் 30 டிகிரி வெயிலிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகி பம்ப் வழியாகப் போய்விடும்.

லீக் சோதனையாக அதை எடுத்துக்கொண்டால் இரண்டு குறை. முழு வேக்கத்தில்கூட வெளிக்காற்று உள்ளே தள்ளும் அழுத்தம் 15 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் குறைவு. ஓடும்போது ஹை சைடில் கேஸ் வெளியே தள்ளுவது 200க்கு மேல். 15க்குத் தாங்குகிற ஓட்டை 200க்குத் தாங்காது. இரண்டாவது, திசை தலைகீழ். காய்ந்து சுருங்கிய ஓரிங்கை (மூட்டில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வேக்கம் உள்ளே இழுத்து இடத்தில் அமர்த்திவிடும். கேஸ் ஏறியதும் அதே ஓரிங் வெளியே விலகும். வேக்கம் நிற்கவில்லையென்றால் அநேகமாக லீக்தான். நின்றால் ஒன்றும் உறுதியில்லை. அத்தோடு, எந்த இடம் என்பதை அது சொல்லவே சொல்லாது.

மாயவரம்_வண்டிக்காரர் | மயிலாடுதுறை

சரி, ஒப்புக்கொள்கிறேன். வேக்கம் நின்றும் அடுத்த மாதமே கேஸ் போன வண்டி ஒன்று எங்களிடம் இருக்கிறது, காரணம் இப்போதுதான் விளங்குகிறது. நைட்ரஜன் எவ்வளவு ஏற்றலாம்? டயர் கடையில் இருக்கிற கம்ப்ரசர் காற்றை ஏற்றினால் ஆகாதா?

குடந்தை_ஏசி | கும்பகோணம்

காற்றை ஏற்றாதீர்கள். அதில் ஈரம் இருக்கிறது. கம்ப்ரசரில் இருக்கும் பிஏஜி எண்ணெய் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணமுள்ளது. இன்னொன்று, ஆர்-134ஏ தானாக எரியாது என்றாலும் அழுத்தக் காற்றோடு கலந்தால் எரியக்கூடிய கலவை ஆகலாம். ஆக்ஸிஜனை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். வெல்டிங் பட்டறையில் இரண்டு சிலிண்டரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், இந்தத் தப்பு நடக்க ஒரு நொடி போதும்.

உலர்ந்த நைட்ரஜன், ரெகுலேட்டர் கட்டாயம். நிரம்பிய சிலிண்டருக்குள் சுமார் 150 பார், அதாவது 2,000 பிஎஸ்ஐக்கு மேல். ரெகுலேட்டர் இல்லாமல் திறந்தால் காயில் கிழியும், ஆளுக்கும் ஆபத்து. நான் உள்ளே இருக்கும் கேஸை மெஷினில் மீட்டுவிட்டு 150 பிஎஸ்ஐ வரை ஏற்றி, வால்வை அடைத்து, இரவு முழுக்க விடுவேன். காலையில் 4 பிஎஸ்ஐ குறைந்திருந்தால் பதற வேண்டாம். மாலை 34 டிகிரியில் ஏற்றியது விடியலில் 26 டிகிரிக்கு ஆறினால் அவ்வளவு தானாகக் குறையும். அதற்கு மேல் இறங்கியிருந்தால் சோப்புத் தண்ணீரோடு ஒவ்வொரு மூட்டாகப் போக வேண்டும்.

எங்கே தடவுவது என்றால், முதலில் கேஸ் ஏற்றும் வால்வுக்குள் இருக்கும் பின் (ஊசி). அந்த மூடிக்குள் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது. மூடி தொலைந்த வண்டிகளில் அந்தப் பின் வழியாகவே கேஸ் போகும், செலவே இல்லாத வேலை. அப்புறம் பைப் மூட்டுகளின் ஓரிங், பிரஷர் சுவிட்ச், ரப்பர் ஹோஸும் அலுமினியமும் சேரும் அழுத்திய வளையம், கம்ப்ரசரின் முன்முகம். பைப்பைத் தாங்கிப் பிடிக்கும் கிளாம்ப்புகளைப் பலர் பார்ப்பதே இல்லை. அதைக் கழற்றி அடியில் பாருங்கள். நுரையை ஊற்றிவிட்டு உடனே நகராதீர்கள். சிறிய ஓட்டையில் பெரிய குமிழி வராது. கொஞ்ச நேரம் கழித்து வெள்ளையாக, ஊசிமுனை அளவுப் பொடிக் குமிழிகள் ஒரே இடத்தில் கூடும். கண்ணை அருகில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆடிக் காற்றில் திறந்தவெளியில் செய்தால் நுரை காய்ந்துபோகும், டிடெக்டருக்கும் கேஸ் கிட்டாது. ஷட்டரை இறக்கி, ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

வெண்ணாற்றங்கரை | மன்னார்குடி

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு டிடெக்டரும் நைட்ரஜனும் வைத்திருக்கிற வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். கேபின் ஃபில்டர் இடைவெளியிலும் தண்ணீர்க் குழாயிலும் வைத்துப் பார்த்தார், டிடெக்டர் சத்தமே போடவில்லை. காயில் நன்றாக இருக்கிறது.

இன்ஜினை நிறுத்திய நிலையில் தடித்த பைப் வழியே முனையை நகர்த்திக்கொண்டு போனபோது பேட்டரி டிரேக்குக் கீழே கத்தியது. அந்த இடத்தில் பைப்பைப் பிடித்திருக்கும் கிளாம்ப்புக்குள் ஒரு ரப்பர் மெத்தை. கழற்றினால் உள்ளே ஈரச் சேறும் பதரும் கெட்டியாக இறுகியிருந்தன. துடைத்துப் பார்த்தால் அலுமினியத்தில் வெள்ளைப் பூப்பூத்து, அதன் நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. நைட்ரஜன் ஏற்றி நுரை தடவியதும் அந்தப் புள்ளியில் நுரை மெல்ல உப்பி நின்றது. எனக்கும் கூப்பிட்டுக் காட்டினார்.

இப்போது கேள்வி: அந்தப் பைப்பை வெல்டிங் வைக்கலாமா, எம்-சீல் மாதிரி எதையாவது பூசலாமா, மாற்றத்தான் வேண்டுமா?

குடந்தை_ஏசி | கும்பகோணம்

ரொம்ப சந்தோஷம் தம்பி. கண்ணால் பார்த்துவிட்டீர்கள், இனி பேச்சுக்கு இடமில்லை.

பூச்சு எதுவும் நிற்காது. உள்ளே எண்ணெய், வெளியே சூடு, அதோடு அதிர்வு. ஆர்கான் வெல்டிங் நன்றாகச் செய்கிற ஆள் இருந்தால் சில பைப்புக்கு வைக்கலாம். ஆனால் உங்களுடையது அரித்த பைப். ஓட்டையைச் சுற்றியும் சுவர் மெலிந்திருக்கும், சூடு பட்டதும் ஓட்டை பெரிதாகும். புது பைப் போடுங்கள். இரண்டு முனையிலும் புது ஓரிங், ஆர்-134ஏக்கு உரிய எச்என்பிஆர் ரப்பர் ரகம், போடும்போது கம்ப்ரசர் எண்ணெய் தொட்டுப் போடச் சொல்லுங்கள். காய்ந்தபடி திருகினால் ஓரிங் முறுக்கிக்கொள்ளும். புது கிளாம்ப்பில் ரப்பர் சேற்றைப் பிடிக்காதபடி வருடம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள்.

ஓட்டையோடு சில வாரம் ஓடியதால் டிரையரையும் மாற்றுவது நல்லது. அப்புறம் அரைமணி முதல் முக்கால் மணி நேரம் வேக்கம், கடைசியில் கேஸ். கேஸைத் தராசில் வைத்து, ஸ்டிக்கரில் போட்ட கிராம் அளவுக்கு ஏற்றச் சொல்லுங்கள். கேஜ் முள்ளைப் பார்த்து ஏற்றினால் கூடவோ குறையவோ போகும். அதிகமானாலும் ஹை சைடு ஏறிக் குளிர்ச்சி குறையும். போன எண்ணெய்க்கு ஈடாகக் கொஞ்சம் பிஏஜி எண்ணெய், உங்கள் கம்ப்ரசர் லேபிளில் என்ன தரம் போட்டிருக்கிறதோ அதே தரம்.

நாகை_கடலோரம் | நாகப்பட்டினம்

பயிற்றுநர் ஐயாவிடம் ஒரு கேள்வி. எங்கள் பக்கம் பைப்பைக் கழற்றும்போது மிச்சக் கேஸை அப்படியே காற்றில் விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம்தானே என்கிறார்கள். அதில் கெடுதல் உண்டா?

தஞ்சை_பயிற்றுநர் | தஞ்சாவூர்

உண்டு. ஒரு கிலோ ஆர்-134ஏ நூறு வருடக் கணக்கில் சுமார் 1,430 கிலோ கரியமில வாயு அளவுக்குப் புவியைச் சூடாக்கும். ஒரு சின்னக் காரின் கேஸ் அரை கிலோ கூட இல்லை, ஆனாலும் கணக்கு பெரிது. முந்தைய ஆர்-12 ஓசோன் படலத்தை அரித்ததால் 1987 மாண்ட்ரீல் உடன்படிக்கைக்குப் பிறகு படிப்படியாக விலக்கினார்கள், அந்த இடத்துக்கு வந்தது ஆர்-134ஏ. இப்போது இதையும் குறைக்க அதே உடன்படிக்கையில் 2016 கிகாலி திருத்தம். இந்தியா 2021-ல் அதை ஏற்றது. சில புதிய வண்டிகளில் ஆர்-1234ஒய்எஃப் என்ற வேறு கேஸ் வருகிறது, அது லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது, அதன் வால்வு வாயும் வேறு. இரண்டையும் கலக்கக் கூடாது.

கண்ணில் பட்டால் திரவக் கேஸ் பனிக்கொப்புளம் உண்டாக்கும், மூடிய கொட்டகையில் தேங்கினால் மூச்சு முட்டும், நெருப்பில் பட்டால் நச்சு வாயுவாகச் சிதையும். பழைய ஆட்கள் தீச்சுடர் விளக்கை வைத்து லீக் பார்த்தது ஆர்-12 காலத்தில்; குளோரின் இருந்ததால் சுடர் நிறம் மாறியது. ஆர்-134ஏயில் குளோரினே இல்லை, அந்த விளக்கு இதற்கு உதவாது. மீட்கும் மெஷின் இருக்கிற கடையாகப் பார்த்துப் போங்கள்.

வெண்ணாற்றங்கரை | மன்னார்குடி

புது பைப், ஓரிங், டிரையர் எல்லாம் போட்டாயிற்று. தராசில் வைத்துத்தான் ஏற்றினார்கள். கேஸோடு கொஞ்சம் யூவி டையும் விட்டிருக்கிறார். ஓட்டிவிட்டு ஆவணியில் ஒருமுறை கொண்டுவரச் சொன்னார். டை விட்ட வால்வு வாயைத் துடைத்தும் விட்டார். துடைக்காவிட்டால் அதுவே பச்சையாக மின்னி ஏமாற்றும் என்றார். மழைக்காலத்தில் ஏசி போடாமலே இருந்துவிடுவோம், அது சரியா?

குடந்தை_ஏசி | கும்பகோணம்

வாரம் ஒருமுறையாவது ஐந்து பத்து நிமிடம் போடுங்கள். கம்ப்ரசர் ஷாஃப்ட் சீலுக்கு எண்ணெய் போய்ச் சேர வேண்டும், மாதக்கணக்கில் நின்றால் சீல் காய்ந்து அங்கேயே கசியத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் கண்ணாடி பனிப்பதை நீக்கவும் ஏசி வேண்டும்தானே. ஆவணியில் வண்டியைக் கொண்டுபோகும்போது யூவி விளக்கை மாலை நேரத்தில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு. பகல் வெளிச்சத்தில் சின்னத் துளி தெரியாது.